டேங்க் மேல் ரேடார் லெவல் டிரான்ஸ்மிட்டர்: மாட்டப் போன இடமெல்லாம் கேட்ட கேள்விகள்

பெருந்துறை சிப்காட், திருப்பூர் சாயப்பட்டறைகள், காங்கேயம் எண்ணெய் ஆலைகள், நாமக்கல் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் என்று, டேங்க்கில் சரக்கு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று காட்டுகிற லெவல் கருவி மாட்டப் போகிற இடமெல்லாம் ஒரே சந்தேகங்கள். டீ குடிக்கும்போது ஃபிட்டர் அண்ணன் கேட்பார். அதையே ராத்திரி எட்டு மணிக்கு முதலாளி போனில் கேட்பார். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே போட்டிருக்கிறேன். மாடலுக்கு மாடல் எண்கள் மாறும். கருவியோடு வரும் கையேடு ஒன்று சொல்லி நான் வேறு சொன்னால், கையேட்டின்படியே செய்யுங்கள்.

"ரேடாருன்னா கதிர்வீச்சு தானுங்களே? பக்கத்துல நின்னு வேலை செஞ்சா ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

ஆகாது. சட்டைப் பையில் இருக்கிற செல்போன் விடும் அலையோடு பார்த்தால் இதன் பலம் மிகவும் குறைவு. பெரும்பாலான கருவிகளில் ஒரு மில்லிவாட் அளவில்தான் இருக்கும், அதற்குக் கீழாகவும் இருக்கும். சீசியம், கோபால்ட் வைத்து அளக்கும் கருவிகளும் உண்டு. அவை அணுக்கதிர் வகை, தனி உரிமம் வாங்க வேண்டியவை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் இந்தப் பயம்.

பயப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன: ஏறி நிற்கிற உயரம், திறக்கிற ஓட்டையிலிருந்து வரும் ஆவி, ஓட்டை போட எடுக்கிற தீப்பொறி.

"அது எப்படித்தானுங்க அளக்குது? உள்ள ஒண்ணும் தொங்கக் காணோமே?"

மேலிருந்து மின்காந்த அலையைக் கீழே விடும். அது திரவத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும். ஆறு மீட்டர் ஆழம் போய்வர 40 நானோ நொடி, அதாவது ஒரு நொடியில் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு. இதை நேராக எண்ணுவது கஷ்டம் என்பதால், இப்போது வரும் கருவிகள் அலைவரிசையைச் சீராக ஏற்றிக்கொண்டே அனுப்பும். திரும்பி வந்த அலைக்கும் அந்த நொடி போய்க்கொண்டிருக்கிற அலைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடும்.

கருவிக்குத் தெரிவது தன் முகத்திலிருந்து திரவம் வரை உள்ள காலி இடம் மட்டுமே. மட்டம் என்பது, முகத்திலிருந்து டேங்க் அடி வரை என்று நாம் போட்டுக்கொடுக்கிற காலித் தூரத்திலிருந்து அதைக் கழித்துச் சொல்வது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

"எங்ககிட்ட அல்ட்ராசானிக் ரெண்டு கெடக்கு, பிரஷர் டைப்பும் இருக்கு. இதுக்கு எதுக்கு எச்சா காசு?"

தண்ணீர்த் தொட்டிக்கு என்றால் அல்ட்ராசானிக்கே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். ஆனால் அது ஒலி. ஒலியின் வேகம் 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர், 40 டிகிரியில் 355. சித்திரை வெயிலில் ஈரோட்டில் டேங்க் மூடி காயும்போது சென்சார் இருக்கிற இடத்தில் ஒரு சூடு, திரவத்தை ஒட்டி இன்னொரு சூடு. சென்சார் தன் பக்கத்துச் சூட்டுக்கு மட்டும்தான் ஈடுசெய்யும். ஆறு மீட்டரில் 15 சென்டிமீட்டர் வரை தப்பு வர வழியுண்டு. ஆவி நிறைந்திருந்தால் ஒலியின் வேகம் இன்னும் மாறும்.

பிரஷர் வகை எடையை அளந்து உயரம் சொல்வது. சாயப்பட்டறை சுத்திகரிப்பில் ஆர்.ஓ. கழித்துவிட்ட உப்புநீர் ஆவியாக்கியில் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடிக்கொண்டே போகும். அடர்த்தி 1.0 என்று செட் பண்ணிய கருவி, 1.2 அடர்த்தியுள்ள மூன்று மீட்டர் உப்புநீரை 3.6 மீட்டர் என்று காட்டும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிலை வந்துவிட்ட ஊர் திருப்பூர். அங்கே உப்புநீர் டேங்க்கில் 60 சென்டிமீட்டர் பொய் பேசுகிற கருவியை வைத்துக்கொண்டு பிளான்ட் ஓட்ட முடியாது. அடர்த்தி, சூடு, ஆவி இவற்றுக்கு ரேடார் அசையாது. நான் எச்சாக் காசு கொடுக்கச் சொல்வது இந்த மாதிரி டேங்க்குகளுக்குத்தான்.

"80 வாங்கறதுங்களா, 26 வாங்கறதுங்களா? கடைக்காரர் 80-தான் லேட்டஸ்ட்டுங்கறாரு."

80 ஜிகாஹெர்ட்ஸில் கற்றை ஒடுக்கம். மூன்று இஞ்ச் அளவு ஆன்டெனாவில் 80-க்கு 3 முதல் 4 டிகிரி, 26-க்கு சுமார் 10 டிகிரி. ஆறு மீட்டர் ஆழத்தில் முதலாவது சுமார் 42 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கும், இரண்டாவது ஒரு மீட்டருக்கும் மேல். உள்ளே ஏணி, ஸ்டீம் காயில், கலக்கி இருக்கிற டேங்க்குக்கு ஒடுக்கம் நல்லது. உள்ளே ஒன்றும் இல்லாத டேங்க்கில், ஆன்டெனாவில் நீர்த்துளி, பாகு படிகிற இடத்தில், 26 சித்தெ பொறுமைசாலி. லேட்டஸ்ட் என்பது காரணம் ஆகாது.

"மூடியில நட்ட நடுவுல ஒரு ஓட்டை சும்மா கெடக்குது. அதுலயே மாட்டிறலாமுங்களா?"

மூடி தட்டை என்றால் பரவாயில்லை. குவிந்த மூடி என்றால் வேண்டாம். அலை மூடியிலும் திரவத்திலுமாக மாறி மாறிப் பட்டு நடுவில் வந்து குவியும். இரண்டு மூன்று போலி எதிரொலிகள் சேர்ந்து கருவியைக் குழப்பும். சுவரிலிருந்து டேங்க் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு தள்ளி வைப்பது பழகின கணக்கு. மூன்று மீட்டர் விட்டத்துக்கு அரை மீட்டர். சுவரை ஒட்டியும் வைக்கக்கூடாது. திரவம் விழுகிற குழாய்க்கு நேர் மேலே வைக்கவே கூடாது, அருவியைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

கருவி உட்காருகிற குட்டைக் குழாய், அதாவது நாசில், அதையும் பாருங்கள். குட்டையாக, அகலமாக, உள்பக்கம் வெல்டிங் பிசிறு இல்லாமல் இருக்கட்டும். ஹார்ன் (புனல் வடிவ) ஆன்டெனா என்றால் அதன் நுனி நாசிலைத் தாண்டி ஒரு சென்டிமீட்டராவது உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

"அப்ப புது ஓட்டை போடோணும். ஃபேப்ரிகேட்டர் கேஸ் கட்டிங் செட்டோட வந்து நிக்கறாரு, அஞ்சு நிமிச வேலைங்கறாரு."

முதலில் அவரைக் கீழே இறங்கச் சொல்லுங்கள். ஹெக்ஸேன், தின்னர் மாதிரி எரியும் சரக்கு வைத்த டேங்க், நிறைந்திருப்பதைவிடக் காலியாக இருக்கும்போதுதான் மோசம். உள்ளே இருப்பது முழுக்க ஆவியும் காற்றும். "தண்ணி ஊத்திக் கழுவிட்டோமுங்க" என்பதை நம்பி ஏமாந்த இடங்கள் உண்டு. 98 சதவீத சல்ஃப்யூரிக் அமிலம் இரும்பு டேங்க்கில் பேசாமல் கிடக்கும். அதில் தண்ணீர் பட்டு நீர்த்துப்போனால் இரும்பைத் தின்று ஹைட்ரஜனை விடும். அமில டேங்க்தானே, எரிகிற சரக்கு இல்லையே என்று வெல்டிங் வைத்தால் மூடி பறக்கும். எரியும் ஆவி இருந்த கலனில் அதை முழுக்க வெளியேற்றாமல் வெல்டிங், கட்டிங் செய்யக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37-ஆம் பிரிவிலேயே எழுதியிருந்தது.

நான் செய்கிற வழி இது: மேன்ஹோல் மூடியைக் கழற்றி, அந்த வாயைத் தற்காலிகமாக வேறு தகட்டால் அடைத்துவிட்டு, மூடியைத் தரைக்கு இறக்கி, டேங்க்குக்குத் தொலைவில் பட்டறையில் வைத்து நாசில் பற்றவைத்து, பிசிறு தேய்த்து, திரும்ப ஏற்றுவது. அரை நாள் கூடப் போகும். டேங்க் மேல் ஒரு பொறிகூட விழாது. மேன்ஹோல் இடம் மேலே சொன்ன கணக்குக்கு ஒத்துவந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

"ஹைட்ரஜன் பெராக்சைடு டேங்க் பிளாஸ்டிக்குதானுங்க, அதுல ட்ரில் போட்டா என்ன?"

பல்லடம் பக்கம் ஒரு ப்ளீச்சிங் யூனிட்டில் இதை நேரில் பார்த்தேன். பையன் டேங்க் மூடி மேல் உட்கார்ந்து, பழைய இரும்பு பிராக்கெட்டையும் சேர்த்து ட்ரில் போட்டுக்கொண்டிருந்தான். சுருள் சுருளாக இரும்புத் தூள் ஓட்டை வழியே உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கீழே 50 சதவீத பெராக்சைடு. கொஞ்ச நேரத்தில் ஓட்டையோரம் சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒரு சீற்றம். அன்றைக்கு உள்ளே சரக்கு கொஞ்சமாக இருந்தது; தண்ணீரை அடித்து ஊற்றி நீர்க்க வைத்துத் தப்பித்தோம். வெளியே வந்து அந்தப் பையன் கேட்டது: "அண்ணா, பிளாஸ்டிக் டேங்க்குதானுங்களே?"

இரும்பு, செம்பு, பித்தளைத் தூள், துரு, மண் எது பட்டாலும் பெராக்சைடு சிதைந்து சூடும் ஆக்சிஜனும் விடும். 50 சதவீத சரக்கில் ஒரு லிட்டரிலிருந்து ஏறக்குறைய 200 லிட்டர் ஆக்சிஜன் வரும். டேங்க் வென்ட் (ஆவி வெளியேறும் வாய்) அடைபட்டிருந்தால் அது வெடிக்காமல் என்ன செய்யும்? ஆகவே காலி செய்து கழுவிய பிறகே ஓட்டை. மாட்டும்போது பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) கேஸ்கெட், எஸ்.எஸ். 316 போல்ட், கிரீஸ் வேண்டாம், பித்தளை அடாப்டர் வேண்டாம். சும்மா கிடக்கிற ஓட்டை என்று நினைத்து வென்ட்டிலேயே ரேடாரை மாட்டிவைத்தவர்களும் இருக்கிறார்கள். வென்ட்டை எந்த டேங்க்கிலும் அடைக்காதீர்கள்.

"பெர்மிட்டெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க. நம்ம பட்டறையில நாலு பேருதான், வாயில சொன்னாப் பத்தாதா?"

பத்தாது. காகிதம் அதிகாரிக்காக இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில்தான் ஒருத்தர் டேங்க் மேல் இருக்கும்போது இன்னொருத்தர் தெரியாமல் பம்பைப் போடுவார். ஒரு பக்கம் போதும்: எந்த டேங்க், உள்ளே என்ன சரக்கு, எவ்வளவு மட்டம், எந்த வால்வைப் பூட்டினோம், எந்தப் பம்ப்பின் பிரேக்கரை இறக்கிச் சாவியை யார் வைத்திருக்கிறார், வாயு அளந்த எண் என்ன, கீழே நிற்பது யார். நைட்ரஜன் போடுகிற டேங்க் என்றால் அதையும் எழுதுங்கள். திறந்த ஓட்டைப் பக்கத்தில் குனிந்து மூச்சு விட்டாலே நைட்ரஜன் ஆளைச் சாய்த்துவிடும், வாசனையும் இராது.

"ஒருக்கா உள்ள எறங்கி டேப் வெச்சு அளந்துட்டு வந்தா கச்சிதமா இருக்குமில்லீங்களா?"

வேண்டாம். மேலிருந்து மாட்டுகிற கருவி இது. யாரும் டேங்க் உள்ளே இறங்கத் தேவையே இல்லை. அளவு வேண்டுமானால் நாசில் வழியே எடை கட்டிய டேப்பை விடுங்கள், இல்லையென்றால் வரைபடத்தைப் பாருங்கள். நான் போகிற இடத்தில் "உள்ள எறங்கோணும்" என்று யாராவது சொன்னால், வேலையைத் தப்பாகத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

கழிவுநீர்த் தொட்டியில் இது இன்னும் கண்டிப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை வாசம் அடிக்கும். 100 பி.பி.எம். பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும். வாசம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் திரும்புவதில்லை. அவரைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் அப்படியே. வேறு காரணத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அது தனி வேலை, தனி பெர்மிட்: ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல், இடைவிடாமல் அளந்துகொண்டு, காற்று ஊதிக்கொண்டு, மேலே கயிற்றோடு ஆள் நின்று. உள்ளே கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

"ஆடி மாசம் வேலை வெச்சுக்கலாமுங்களா? ஆர்டர் அர்ஜென்ட்டு."

ஆடிக்காத்தில் அம்மியே பறக்கும்போது ஏழு மீட்டர் டேங்க் மேல் நிற்கிற ஆள் எந்த மூலைக்கு? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற காற்று. காலை வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்; மத்தியானம் வலுத்தால் இறங்கிவிடுங்கள். ஹார்னெஸ் கொக்கியை டேங்க் கைப்பிடிக் கம்பியில் மாட்டாதீர்கள், தாங்குகிற கட்டுமானத்தில் மாட்டுங்கள்.

பிளாஸ்டிக், எஃப்.ஆர்.பி. (இழை சேர்த்த பிளாஸ்டிக்) டேங்க்கின் மூடி மேல் ஏறி நிற்காதீர்கள். பெரும்பாலும் அவை ஆள் எடைக்குச் செய்தவை அல்ல. அமில ஆவி தின்ற இரும்பு மூடியும் அப்படித்தான். பெயின்ட் மட்டும் பளபளக்கும். தனிச் சாரம் கட்டுங்கள். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணி ஏறாமல் பையில் போட்டுக் கயிற்றில் தூக்குங்கள்.

"பிளாஸ்டிக் டேங்க்கா இருந்தா ஓட்டையே போடாம மேல வெச்சு அளக்கலாமுன்னு சொல்றாங்க. நெசமுங்களா?"

நிஜம். ரேடார் அலை ஹெச்.டி.பி.இ. வழியே போகும். அமில டேங்க்குக்கு எனக்குப் பிடித்த வழி இது. ஓட்டை இல்லையென்றால் ஆவியும் இல்லை. மூடிக்கு மேல் தனி ஸ்டாண்டில், கொஞ்சம் இடைவெளி விட்டு, மூடி சற்றே சாய்ந்திருக்கிற இடத்தில் வைப்பது நல்லது. கார்பன் கலந்த எஃப்.ஆர்.பி. என்றால் ஆகாது. மூடியின் உள்பக்கம் நீர்த்துளி கோத்துத் தொங்கினால் ரீடிங் தடுமாறும்.

ஒரு வில்லங்கம் இருக்கிறது. பிளாஸ்டிக் அலையை உள்ளே விடுவதுபோல வெளியேயும் விடும்: டேங்க்கை ஒட்டி நிற்கிற ஃபோர்க்லிஃப்டையும் கருவி பார்க்கும். சில கருவிகளுக்கு உலோக, கான்கிரீட் டேங்க்குக்குள் வைக்க மட்டும்தான் அனுமதி. திறந்த தொட்டிக்கும் பிளாஸ்டிக் டேங்க்குக்கும் ஏற்றது எது என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

"மரை ரெண்டு சுத்து போச்சு, அப்பறம் இறுகிருச்சு. பைப் ரிஞ்சு போட்டு இறுக்கட்டுங்களா?"

நிறுத்துங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு, ஒன்று என்.பி.டி., இன்னொன்று பி.எஸ்.பி. மரையாக இருக்கும். ஒன்றரை இஞ்சில் இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி. பல்லின் கோணமும் எண்ணிக்கையும் வேறு. டெஃப்லான் டேப் சுற்றி அடக்கினால் இன்றைக்கு நிற்கும், பிறகு அழுத்தம் வந்த ஒரு நாள் ஒழுகும். சரியான அடாப்டர் வாங்குங்கள். ஸ்பானரை அறுகோணத்தில் மட்டும் போடுங்கள். மேல் தலையைப் பிடித்துத் திருகினால் உள்ளே ஒயர் முறுக்கிக்கொள்ளும்.

"மழை பேஞ்சா ரீடிங் ஆடுது, இடி இடிச்சா போயே போயிருது."

கேபிள் கருவிக்குள் நுழைகிற வாயில் இறுக்கிப் பிடிக்கிற கிளாண்டைப் பாருங்கள். கருவிக்குள் நுழையுமுன் கேபிள் கீழே ஒரு வளைவு வளைந்து ஏற வேண்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். உபயோகிக்காத இன்னொரு வாயில் கம்பெனி பார்சலுக்குப் போட்ட பிளாஸ்டிக் மூடியே இன்னும் இருக்கும்; அதை எடுத்துவிட்டு முறையான பிளக் போடுங்கள். நான் திறந்து பார்த்த செத்த கருவிகளில் பாதி தண்ணீர் குடித்தவை.

இடிக்கு, திடீரென ஏறும் மின்அழுத்தத்தைத் தடுக்கிற சர்ஜ் அரெஸ்டர், டேங்க்குக்கும் கருவிக்கும் ஒரே எர்த். கேபிளின் உலோக உறையான ஷீல்டைப் பொதுவாகப் பேனல் பக்கம் ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். சாயப்பட்டறையில் மோட்டாருக்கு மோட்டார் வேகம் மாற்றும் டிரைவ் இருக்கிறது. அந்தப் பவர் கேபிளோடு இதை ஒரே டிரேயில் போட்டால் மழை இல்லாமலும் ஆடும்.

"டேங்க்குல சரக்கு கொஞ்சம் இருக்குது. ஆனா மீட்டரு காலின்னே காட்டுது."

இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான். கருவி அளப்பது தன் முகத்திலிருந்து கீழே. டேங்க் உயரம் 6 மீட்டர், நாசில் 25 சென்டிமீட்டர் என்றால் காலித் தூரம் 6.25. பெரும்பாலோர் 6 என்று போட்டுவிடுவார்கள். கருவி மட்டத்தை மின்னோட்டமாகப் பேனலுக்குச் சொல்லும்: சரியாகப் போட்டபின் 4 மில்லிஆம்பில் காலி, 20-இல் 6 மீட்டர். ஒவ்வொரு மில்லிஆம்புக்கும் 375 மில்லிமீட்டர். பாதியில் டேப் விட்டு 12 வருகிறதா என்று ஒத்துப் பாருங்கள். படுக்கை உருளை டேங்க்கில் கால்பாகம் உயரம் என்றால் சரக்கு கால்பாகம் அல்ல, சுமார் 19.5 சதவீதம்தான். அதற்கு, உயரத்தைக் கொள்ளளவாக மாற்றும் லீனியரைசேஷன் போட வேண்டும்.

போலி எதிரொலிகளைப் பதிந்து ஒதுக்கும் வேலையை டேங்க் காலியாக இருக்கும்போது செய்யுங்கள். பாதிச் சரக்கோடு கண்ணை மூடிப் பதிந்தால், அந்த மட்டத்தையே போலி என்று கற்றுக்கொண்டு அதற்குப் பிறகு கண்டுகொள்ளாது.

"ஹெக்ஸேன் டேங்க்குக்கு ஃப்ளேம்ப்ரூஃப் பொட்டி வாங்கி, அதுக்குள்ள சாதாக் கருவியை வெச்சறலாமுங்களா?"

கூடாது. காங்கேயத்தில் பிண்ணாக்கிலிருந்து கரைப்பான் வைத்து எண்ணெய் எடுக்கிற ஒரு ஆலையில் இதைக் கேட்டார்கள். அந்த டேங்க்கின் உள்ளே எப்போதும் வெடிக்கும் ஆவி இருக்கும் என்றே கணக்கு, அப்படிப்பட்ட இடத்துக்குப் பெயர் மண்டலம் 0. அங்கே எட்டிப் பார்க்கிற ஆன்டெனாவுக்கு அதற்கென்றே சான்று வேண்டும், நம் நாட்டில் பெசோ (வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) ஒப்புதல் வேண்டும். பொட்டியில் ஒரு ஓட்டை கூடப் போட்டால் பொட்டியின் சான்றும் போயிற்று. பொறி வராத அளவுக்கு மின்சாரம் குறைவாக ஓடும் உள்ளார்ந்த பாதுகாப்பு வகை வாங்கினாலும், பேனலில் அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பொருத்தமான பேரியர் இல்லாமல் நேராக 24 வோல்ட் கொடுத்தால் சாதாக் கருவியேதான். பி.டி.எஃப்.இ. முகத்தை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், நிலைமின்சாரம் ஏறும், ஈரத்துணி போதும்.

"ரேடாரு வந்தாச்சு. பழைய ஹை லெவல் சுவிட்சைக் கழட்டிறலாமுங்களா?"

கழற்றாதீர்கள். எந்த அளவிக்கும் முகத்துக்குக் கீழே அளக்க முடியாத ஒரு குருட்டு இடம் உண்டு. திரவம் அதற்குள் ஏறிவிட்டால் சில கருவிகள் இரட்டை எதிரொலியைப் பிடித்து மட்டம் இறங்கிவிட்டதாகக் காட்டும்; பம்பும் சந்தோஷமாக ஓடிக்கொண்டே இருக்கும். 2005 டிசம்பரில் இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கு வெடித்தது இந்த வகைப் பிசகில்தான். அங்கே லெவல் கருவி (அது ரேடார் அல்ல) ஒரே இடத்தில் நின்றுவிட்டது, தனியாக வைத்த சுவிட்சும் வேலை செய்யவில்லை. ஆகவே சுவிட்ச் தனி வகையாக, தனி ஒயரில் இருக்கட்டும். அவ்வப்போது சோதித்துப் பாருங்கள்.

கருவி பழுதானால் என்ன காட்ட வேண்டும் என்பதையும் நீங்கள்தான் செட் பண்ண வேண்டும். நிரப்புகிற டேங்க்குக்கு 21 மில்லிஆம்புக்கு மேல், பம்ப் நிற்கும். காலியாகி பம்ப் வறண்டு ஓடுவதுதான் பயம் என்றால் 3.6-க்குக் கீழ். "கடைசி மதிப்பையே காட்டு" என்று ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

"சேகோ ஆலைக் கேஸ் டைஜஸ்டருங்க. நொரை எச்சா. கருவியைச் சுத்தம் பண்ணக் கழட்டுனா கேஸெல்லாம் வெளிய வந்துருமே?"

நுரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். லேசான நுரையை அலை ஊடுருவும். கெட்டி நுரை விழுங்கிவிடும், இல்லையென்றால் அதன் மேல்பரப்பையே மட்டம் என்று காட்டும். டேங்க்குக்குள் செங்குத்தாக நிற்கும் நிலைக்குழாய்க்குள் வைத்தால் ஓரளவு தப்பலாம். ஒரு முழம் கெட்டி நுரை எந்நேரமும் நிற்கிற இடத்தில் ரேடார் வாங்காதீர்கள், அடியில் பிரஷர் வகையே போடுங்கள். நானே ஒன்றைக் கழற்றித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கேஸுக்கு: நாசிலுக்கும் கருவிக்கும் நடுவே முழுத் துளை பால் வால்வு ஒன்று. 80 ஜிகாஹெர்ட்ஸ் கற்றை அதற்குள் பிசகில்லாமல் போகும். வால்வை மூடி, இடையில் சிக்கிய கேஸை வெளியேற்றி, மீட்டரில் மீத்தேன் இல்லை என்று பார்த்த பிறகு கருவியைக் கழற்றலாம், டைஜஸ்டர் பாட்டுக்கு ஓடும். மீத்தேன் காற்றில் 5 சதவீதம் கலந்தாலே பற்றும். பித்தளை ஸ்பானர் எடுத்துப் போங்கள், செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஏறுங்கள். திரும்ப மாட்டியதும் வால்வைத் திறக்க மறந்துவிடாதீர்கள். மூடிய வால்வின் உருண்டையைப் பார்த்துக் கருவி டேங்க் நிறைந்துவிட்டதென்று கத்தும், நீங்கள் மறுபடி எனக்குப் போன் பண்ணுவீர்கள்.